வாங்கும் இடமும் விற்கும் இடமும்

நேயர்களுக்கு வணக்கம். இலங்கையின் வெளிநாட்டு வர்த்தகம் என்றதும், யாரிடம் எவ்வளவு வாங்குகிறோம், யாருக்கு எவ்வளவு விற்கிறோம் என்பதில் தொடங்கும் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 12.8 பில்லியன் டொலர் பெறுமதியான பொருள்களை ஏற்றுமதி செய்த நாம், 18.8 பில்லியன் டொலருக்கு இறக்குமதி செய்தோம். துண்டுவிழும் தொகை ஆறு பில்லியன். இது புதிய நிலைமையன்று. 1977ஆம் ஆண்டுக்குப் பின்னர் வர்த்தக நிலுவை நமக்கு மிகையாக அமைந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை.

நாம் வாங்குவது இந்தியாவிடமும் சீனாவிடமும்தான். இறக்குமதியில் முதலிடம் இவ்விரண்டுக்கும் இடையே மாறிமாறிச் செல்கிறது. எரிபொருளின் காரணமாக ஐக்கிய அரபு அமீரகம் அடுத்து நிற்கிறது. விற்பதோ வேறு திசையில். ஏற்றுமதியில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கை ஐக்கிய அமெரிக்கா வாங்குகிறது. பிரித்தானியா, இந்தியா, ஜேர்மனி, இத்தாலி ஆகியன அதன் பின்னால் வருகின்றன. சீனாவுக்கு நாம் விற்பது ஆண்டொன்றுக்கு 300 மில்லியன் டொலர் அளவைத் தாண்டுவதே அரிது. இதைக் காட்டி, அந்நாடு நம்மைச் சுரண்டுகிறது என்று மேடைகளில் முழங்குவோரும் உண்டு. தனித்தனி நாட்டுடனான நிலுவையை மட்டும் பார்ப்பது எவ்வளவு தூரம் நம்மைத் திசைதிருப்பும் என்பதற்கு, 2025இல் அமெரிக்கா விதித்த தீர்வையே போதிய சான்று.

அவ்வாண்டு ஏப்ரல் 2ஆம் திகதி இலங்கைப் பொருள்களுக்கு 44 சதவீதத் தீர்வை அறிவிக்கப்பட்டது. அந்த எண் வந்த வழி வியப்புக்குரியது. 2024இல் அமெரிக்கா நம்மிடம் சுமார் 3 பில்லியன் டொலருக்கு வாங்கி, 368 மில்லியன் டொலருக்கு மட்டுமே விற்றிருந்தது. அந்த இடைவெளியை மொத்தக் கொள்வனவால் வகுத்தால் 88 சதவீதம், அதில் பாதி 44. அமெரிக்கப் பொருள்களுக்கு நாம் விதிக்கும் சுங்கத் தீர்வை உண்மையில் எவ்வளவு என்று எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பேச்சுவார்த்தைகளின் பின்னர் ஓகஸ்டில் அது 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது வேறு விடயம்.

அந்த 3 பில்லியனில் பெரும்பகுதி ஆடைகள். கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் தைக்கப்படும் ஒரு சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். துணி சீனாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்திருக்கும்; பொத்தானும் இழுவைப் பூட்டும் வேறெங்கிருந்தோ வந்திருக்கும்; நூலுக்கான பஞ்சு அமெரிக்க வயலிலேயே விளைந்திருக்கவும் கூடும். வெட்டுவதும் தைப்பதும் மடித்துப் பெட்டியிலிடுவதும் நம்முடையவை. ஆனால் சட்டை அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது, அதன் முழுப் பெறுமதியும் இலங்கையின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. ஆண்டுக்கு 2 பில்லியன் டொலருக்கும் அதிகமான துணியும் நூலும் நாம் இறக்குமதி செய்வதால், சீனாவுடனான பற்றாக்குறையின் ஒரு பகுதி அமெரிக்காவுடனான மிகையின் மறுபக்கமே.

ஆகவே மொத்த நிலுவையைத்தான் கவனிக்க வேண்டும்; அதையும் எச்சரிக்கையுடன். 2021இல் 8 பில்லியனுக்கு மேலிருந்த பற்றாக்குறை 2022இல் 5.2 பில்லியனாகச் சுருங்கியது. வாங்குவதற்கு டொலர் இல்லாமல், எரிபொருள் வரிசையில் நாம் நாட்கணக்கில் நின்ற ஆண்டு அது. மாறாக, 2024இல் ஆறு பில்லியன் துண்டுவிழுந்தும் சென்மதி நிலுவையின் நடைமுறைக் கணக்கு, அதாவது பொருள்களோடு சேவைகளும் வெளிநாட்டிலிருந்து வரும் பணமும் சேர்ந்த வரவு செலவுக் கணக்கு, மிகையுடன் முடிந்தது. வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பிய ஏறத்தாழ 6.6 பில்லியனும், சுற்றுலாவில் கிடைத்த 3 பில்லியனுக்குச் சற்று அதிகமான தொகையும் இடைவெளியை நிரப்பின. வளைகுடா வீடுகளில் பணிபுரியும் பெண்களின் சம்பளம் வர்த்தகப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. எரிபொருள் கப்பலுக்குப் பணம் கட்டுவதில் அதற்கும் பங்குண்டு.

எனக்குக் கவலை தருவது சீனாவுடனான பற்றாக்குறையன்று. ஒரே சந்தையிலும் ஒரே பொருளிலும் நாம் இந்த அளவுக்குத் தங்கியிருப்பதுதான். ஐரோப்பிய ஒன்றியம் வளர்முக நாடுகளுக்கு வழங்கும் ஜீஎஸ்பி பிளஸ் தீர்வைச் சலுகை நமக்கு 2010இல் பறிபோய் 2017இல் மீண்டும் கிடைத்தது. அதன் கீழ் தீர்வையின்றி ஆடை அனுப்ப வேண்டுமாயின், பொதுவாகத் துணியும் இங்கேயே நெய்யப்பட்டிருக்க வேண்டும். நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தெற்காசிய அயல் நாடுகளின் துணிக்கு இடமுண்டு. சீனத் துணிக்கு இல்லை. இதனால் சலுகை கையிலிருந்தும் நமது ஆடைகளில் கணிசமான பங்கு முழுத் தீர்வை செலுத்தியே ஐரோப்பாவுக்குள் நுழைகிறது. பிரித்தானியா 2025 ஜூலையில் துணி பற்றிய தன் விதிகளைத் தளர்த்துவதாக அறிவித்தது. ஒன்றியத்திடமும் அதைக் கேட்பதா, உள்நாட்டில் துணி ஆலைகளை வளர்ப்பதா என்பதே இன்று ஆடைத்தொழிலின் முன்னுள்ள தெரிவு. ஆலைகளுக்குத் தண்ணீரும் மலிவான மின்சாரமும் வேண்டும் என்பதால், இரண்டாவது வழிக்குக் கூடுதல் காலம் பிடிக்கும்.