கரண்டைக் கால் சுளுக்கு: வீக்கம் வடிந்தபின் பார்க்க வேண்டியது

நேயர்களுக்கு வணக்கம்.

பிசான நெல் நடவு நேரத்தில் அம்பாசமுத்திரம் பக்கத்து வரப்புகள் எப்படி வழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கபடிக் களமோ பஸ் படியோ, எங்கே நடந்தாலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: பாதம் கீழே நீண்டு உள்பக்கமாக மடங்குகிறது, வெளிக்கரண்டைக்கு முன்னால், எலும்புகளைப் பிணைக்கும் ஜவ்வு முதலில் இழுபடுகிறது. வேகம் அதிகமானால், அங்கிருந்து குதிகால் எலும்புக்கு இறங்கும் ஜவ்வும் சேர்ந்து கிழியும்.

வீக்கம் வடிந்து நடை திரும்பியதும் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம். கொஞ்ச நாளில் அதே கால் மறுபடி மடங்குகிறது. ஜவ்வுக்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிவிப்பவற்றில் அவையும் சேர்த்தி. ஜவ்வு கிழியும்போது அவையும் சேதப்படுவதால்தான் கால் நிலைதடுமாறுகிறது என்று 1965-லேயே இங்கிலாந்தில் ஃப்ரீமேன் என்ற மருத்துவர் எழுதினார். இன்று வேறு காரணங்களையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: வெளிக்கெண்டைத் தசை தாமதமாக இறுகுவது, மூட்டு விறைத்துப்போவது.

முதலில் எலும்பு முறிவு இல்லை என்று உறுதியாக வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வகுத்த விதி இதற்கு உதவும். இரண்டு கரண்டை எலும்புகளின் பின்விளிம்பிலும், நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரம் வரை, விரலால் அழுத்திப் பாருங்கள். சுண்டுவிரல் ஓரமாகப் பாதத்தின் நடுவில் துருத்தும் எலும்பையும், உட்பக்க வளைவின் மேட்டையும் அழுத்துங்கள். எலும்பின்மேல் வலித்தாலோ, அடிபட்டபோதும் ஆஸ்பத்திரியிலும் நொண்டியாவது நாலு எட்டு வைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பிரண்டைப் பற்றோடு எனக்குச் சண்டையில்லை. எக்ஸ்ரேக்கு முன்னால் எண்ணெய் போட்டு இழுத்துச் சொடுக்கெடுக்கிறார்களே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஜவ்வு தளர்ந்திருக்கிறதா என்று மருத்துவர் குதிகாலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்க்கும் சோதனைகூட, முதல் நாளைவிட நாலைந்து நாள் கழித்துத்தான் தெளிவாகத் தெரியும். அதற்குள் வீக்கமும் தசை இறுக்கமும் குறைந்திருக்கும்.

வலியில்லாமல் நடக்க முடிந்தபிறகு சமநிலையைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் நல்ல காலில் முதலில் செய்யுங்கள், அதுதான் உங்கள் அளவுகோல். வெறுங்காலோடு சிமென்ட் தரையில், இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். கூட இருப்பவர், ஊன்றிய பாதத்தில் குதிகாலோ விரல் மேடோ எத்தனை முறை தரையை விட்டு எழும்புகிறது என்று எண்ணட்டும். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் சந்தேகப்படலாம். பிறகு கண்ணை மூடி 20 விநாடி, ஆள் பக்கத்தில் நிற்க. கண் திறந்து நன்றாக நின்றவர் இங்கே தள்ளாடினால், பாதம் சொல்லாததைக் கண் ஈடுகட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். பகலில் சிக்கலில்லாமல் நடக்கிறவர் இருட்டில் வரப்பில் மடக்கிக்கொள்வது இதனால்தான்.

அடுத்தது எட்டித் தொடும் சோதனை. தரையில் மூன்று டேப் ஒட்டுங்கள்: ஒன்று முன்னோக்கி, மற்ற இரண்டும் பின்னால் இருபுறமும், இடையில் 90 பாகை. சந்திப்பில் ஒரு பாதத்தை ஊன்றி, மறு பாதத்தால் ஒவ்வொரு கோட்டிலும் முடிந்த தூரம் எட்டி, லேசாகத் தொட்டுத் திரும்புங்கள். நாலு முறை பழகியபின் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். பழகாமல் அளந்தால், முன்னேற்றமா பழக்கமா என்று பிரித்தறிய முடியாது. ஊன்றிய குதிகால் எழும்பினாலும், எட்டிய காலில் பாரம் போட்டாலும் அந்த முறை கணக்கில் வராது. அதிகம் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து வீரர்களிடம் நடந்த 2006-ம் ஆண்டு ஆய்வில், முன்னோக்கி எட்டும் தூரத்தில் இரு காலுக்கும் 4 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தவர்கள் கூடுதலாகக் காயப்பட்டார்கள்.

முன்னால் மட்டும் தூரம் குறைந்தால், மூட்டு விறைப்பும் காரணமாக இருக்கலாம். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். எட்டும் கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளங்கள். இரு காலுக்கும் 2 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால், ஒற்றைக்கால் பயிற்சியோடு மூட்டை மடக்கும் பயிற்சியும் தேவை.

கபடி ஆடுகிறவர்கள் இதோடு நிறுத்த முடியாது. 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, ஒற்றைக் காலில் பக்கவாட்டில் தாவிப் போய்வருவதைப் பத்து முறை செய்து, இரு காலின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். காலையில் புத்துணர்ச்சியோடு ஒரு தடவை, பயிற்சி முடிந்து களைத்தபின் இன்னொரு நாள் ஒரு தடவை. ஆற்று மணலில் ஓடிப் பலப்படுத்துவது இதில் தேறியபிறகு. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் கண் மூடும் சோதனையைத் தனியாகச் செய்யவே கூடாது. முறையாகப் பயிற்சி செய்தும் மூன்று மாதத்துக்குமேல் கால் மடங்கிக்கொண்டே இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அளந்து எழுதிய தாளையும் கொண்டுபோங்கள்.