முட்டை பரிசு இல்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, 'வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வம் வரவைப்பது பரிசா, பொறுப்பா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய பரிசு அணித் தலைவர் ஒரே போடாகப் போட்டார்: "காமராசர் சோறு போட்டார், பிள்ளைகள் வந்தார்கள். சோறும் ஒரு பரிசுதானே?" அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

ஐயா, 1956-இல் காமராசர் ஆட்சியில் வந்த மதிய உணவாகட்டும், 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவாகட்டும், 'முதல் மதிப்பெண் எடுத்தவனுக்கு மட்டும் முட்டை' என்று எந்தச் சத்துணவுக்கூடச் சுவரிலாவது எழுதியிருக்கிறதா? நூற்றுக்கு நூறு வாங்கியவன் தட்டிலும் விழும், கூட்டல் தெரியாதவன் தட்டிலும் விழும். அது உரிமை. அதைத் தூக்கிப் பரிசுக் கணக்கில் எழுதாதீர்கள்.

உண்மையான பரிசு என்ன செய்யும்? 1973-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நர்சரிப் பள்ளி. ஸ்கெட்ச் பேனாவைக் கண்டாலே ஓடிவந்து வரையும் பிள்ளைகள். அவர்களில் சிலரிடம் மட்டும், 'வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் உண்டு' என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், வாங்கினார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பரிசுப் பேச்சே எடுக்காமல் பேனாவை வைத்தபோது, மற்ற பிள்ளைகள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் இவர்கள் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தக் குறை இல்லை. அந்த மட்டில் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

நானும் ஐந்தாம் வகுப்பு டீச்சராகப் பிள்ளைகளுக்குப் பரிசாகச் சார்ட்டில் ஸ்டார் ஒட்டியவள்தான். முதல் வாரம் அமர்க்களம். மூன்றாம் வாரம் சார்ட்டில் அதே நாலு பேருக்குத்தான் வரிசை நீளுது. கடைசி பெஞ்சில் ஒருத்தன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், கை தூக்குவதையே விட்டுவிட்டான். சார்ட்டைச் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் சொருகினேன். அவனைக் கூப்பிட்டு, "தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணாப்புப் பாப்பாவுக்கு நீ ஒரு கதை வாசிச்சுக் காட்டணும்" என்றேன். முறைத்தான்.

நாலாம் நாள், மணி அடிக்கும் முன்னாலேயே என் மேசை பக்கத்தில் நிற்கிறான். புத்தகத்தில் ஒரு வரிமேல் விரல். "மிஸ், இந்த 'ழ'வை எப்படிச் சொல்லணும்? நேத்து 'வாளைப்பளம்'னு படிச்சுட்டேன். பாப்பா சிரிச்சிருச்சு."

நடுவர் மணி அடிக்கிறார். மிச்சத்தை என் அணித் தோழி பேசுவார். வணக்கம்.