மலை மேல் ஊர், மலையடியில் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். இத்தாலியின் மலை ஊர்களைச் சுற்றிப் பார்ப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கோபுரம், தேவாலயம், ஓவியம் என்று தொடங்குவேன் என்று நினைத்திருப்பீர்கள். வேலைக்காலம் முழுவதும் குடிநீர்த் திட்டங்களோடு மல்லுக்கட்டியவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் என் முதல் கேள்வி, இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். மோட்டார் ஒரு நாள் பழுதானால் வீடு என்ன பாடுபடுகிறது! மோட்டாரே இல்லாத காலத்தில், பக்கத்தில் ஆறும் இல்லாத குன்றுகளின் மேல் பல்லாயிரம் பேர் வாழ்ந்தார்கள். பகைவர் ஏறிவரச் சிரமப்படுவார்கள், தாழ்நிலத்து மலேரியாவும் அண்டாது என்று மேலே குடியேறிவிட்டார்கள். தண்ணீர் கீழேயே நின்றுவிட்டது.

ஆகையால் என் யோசனை, ஊருக்குள் விடுதி எடுக்காமல் நடு இத்தாலியின் டஸ்கனி மாநிலத்து நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாரக் கணக்கில் தருவார்கள். ஊரைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே ஏறிப் போகலாம். சுற்றுலாப் பேருந்துகள் திரும்பிய பின், மாலையில் நிதானமாக நுழையலாம். காரை மட்டும் மதிலுக்கு வெளியே நிறுத்திவிடுங்கள். உள்ளே கட்டுப்பாட்டுப் பகுதி, வாசலில் கேமரா. பல மாதம் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.

அந்த வாடகை வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வில்லா என்று விளம்பரம் செய்தாலும் பல வீடுகள் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் அடுத்தவர் நிலத்தை உழுத குடியானவர்கள் இருந்தவை. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. கீழ்த்தளத்தில் மாடுகள், மேல்தளத்தில் மனிதர்கள். 1950களிலும் அறுபதுகளிலும் அவர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். புதிதாக இந்தப் பங்கு ஒப்பந்தம் போடுவதை 1964-இல் சட்டமே தடுத்தது. காலியான வீடுகளைப் பழுதுபார்த்து வாடகைக்கு விட்டார்கள். வாளியில் நீர் இறைத்த முற்றத்தில் இன்று நீச்சல் குளம். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இருக்கட்டும், தண்ணீருக்கு வருகிறேன்.

முதலில் டஸ்கனியின் மலை ஊரான சியெனா. எல்லோரும் நேராக காம்போ என்னும் பெரிய சதுக்கத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் மலையடியில் உள்ள ஃபோன்டெபிராண்டா என்னும் பழைய ஊர் நீரூற்றுக்குப் போங்கள். கோட்டை போன்ற செங்கல் வளைவுகள், உள்ளே நீர்த்தொட்டிகள். முதல் தொட்டி குடிநீர். அது நிரம்பி வழிந்தால் அடுத்தது, கால்நடைகளுக்கு. அதிலிருந்து வழிவது துணி துவைக்க. அதையும் தாண்டி ஓடும் நீர், தோல் பதனிடுபவர்களுக்கும் சாயக்காரர்களுக்கும். ஒரே தண்ணீருக்கு இத்தனை வேலை! நல்ல நீரில் கழிவு கலந்துவிடாமல் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். நான் பார்த்த எத்தனையோ நவீனத் திட்டங்களில் இந்த வரிசை கிடையாது. புனித கத்தரீன் இந்தப் பேட்டையில் ஒரு சாயக்காரர் வீட்டில் 1347-இல் பிறந்தவர்.

அந்தத் தொட்டிக்கு நீர் எப்படி வந்தது? ஊருக்கு அடியில் சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்க வாய்க்கால்கள் வெட்டியிருக்கிறார்கள். பொத்தினி என்று பெயர். மழைநீர் மண்ணில் இறங்கிக் கசிந்து சுரங்கத்துக்குள் சொட்டுகிறது. தரையில் உள்ள சிறு கால்வாய் அதைச் சேர்த்து மெல்லிய சரிவில் கொண்டுபோகிறது. ஆள் நிமிர்ந்து நடக்கலாம். முன்பதிவு செய்தால் ஒரு பகுதிக்குள் அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். ஊருக்கடியில் டயானா என்றொரு ஆறு ஓடுகிறது என்று நம்பித் தேடியதற்காக சியெனாக்காரர்களைக் கவிஞர் தாந்தே கேலி செய்திருக்கிறார். கேலி செய்யட்டும். ஆறு கிடைக்கவில்லை, ஆனால் 1342-இல் தண்ணீரைக் காம்போ சதுக்கத்துக்கே ஏற்றிவிட்டார்களே!

அந்தச் சதுக்கத்து நீரூற்றில் ஒரு கதை இருக்கிறது. இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. பழங்காலத்து வீனஸ் சிலை ஒன்று பூமியிலிருந்து கிடைத்தது. சிற்பி கிபெர்ட்டி எழுதிவைத்திருக்கிறார். ஊரே கொண்டாடி, அதை நீரூற்றின் மேல் வைத்தது. பிறகு 1348-இல் கொள்ளைநோய், ஃபிளாரன்ஸோடு சண்டை, ஒன்றன்பின் ஒன்றாகக் கேடு. இந்தச் சிலை வந்த நாளிலிருந்துதான் எல்லாம் என்று சபையில் ஒருவர் எழுந்து பேசினார். 1357-இல் சிலையை இறக்க முடிவாயிற்று. இறக்கியதோடு விட்டார்களா? உடைத்தார்கள். உடைத்த துண்டுகளை எங்கே புதைத்தார்கள் தெரியுமா? ஃபிளாரன்ஸ் எல்லைக்குள்! தோஷம் எதிரிக்குப் போகட்டுமாம். தண்ணீர் கொண்டுவருவதில் அத்தனை கணக்குப் பார்த்த ஊர்தான் இதையும் செய்தது. பிறகு யாகோபோ டெல்லா குவெர்ச்சா செதுக்கிய நீரூற்று 1419-இல் முடிந்தது. இன்று சதுக்கத்தில் நிற்பது அதன் நகல். மூலக் கற்கள் காலத்தோடு போராடித் தேய்ந்தவை, சாந்தா மரியா டெல்லா ஸ்காலா அருங்காட்சியகத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார். வேகமாகச் சொல்கிறேன். சான் ஜிமிஞானோவில் ஒரு காலத்தில் எழுபதுக்கு மேல் கோபுரங்கள் இருந்தன, இப்போது பதினான்கு. எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் சிஸ்டெர்னா சதுக்கத்துக் கிணற்றுக் கல்லைக் குனிந்து பாருங்கள். கயிறு உராய்ந்து உராய்ந்து தடம் விழுந்திருக்கும்.

உம்பிரியாவின் ஓர்வியெட்டோவுக்குத்தான் நேரம் ஒதுக்க எண்ணியிருந்தேன். 1527-இல் ரோம் சூறையாடப்பட்ட பிறகு ஓர்வியெட்டோவில் தஞ்சம் புகுந்த போப் ஏழாம் கிளெமெண்ட், முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டுமே என்று தோண்டச் சொன்ன கிணறு. ஆழம் 50 மீட்டருக்கு மேல். இறங்க ஒரு சுழல்படி, ஏற இன்னொன்று, இரண்டும் சந்திக்காது. நீர் சுமந்த கோவேறு கழுதைகள் எதிரெதிரே முட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. படம் வரைந்தால் உடனே விளங்கும், வானொலியில் என்ன செய்வது! படிகள் 248. இறங்கிய அத்தனையும் ஏறவும் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலிருந்தே எட்டிப் பாருங்கள். வணக்கம்.