போட்ட பணம் உங்களுக்கு எப்போது வேண்டும்?

(பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளாக எங்கே போனாலும் ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, மந்தம் வருதாம்லா, ஃபண்டுல போட்டத எடுத்துரலாமா?" பொருளாதார மந்தம் வந்து பங்குச் சந்தை விழுவதற்குள், மியூச்சுவல் ஃபண்டு வழியாகச் சந்தையில் போட்ட பணத்தை எடுத்துவிடலாமா என்கிறார்கள். கேட்பவர் யார் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வருகிற தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர் கேட்டால், நாளைக்கே எடுங்கள் என்பேன். இன்னும் இருபத்தைந்து வருடம் சம்பளம் வாங்கப்போகிற ஒரு இளம் ஆசிரியை கேட்டால், தொடவே வேண்டாம் என்பேன். சந்தை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பணம் தேவைப்படும் நாள் வேறு. சந்தை எப்போது விழும் என்று ஆருடம் பார்ப்பதை விட்டுவிட்டு, நமக்குப் பணம் எப்போது வேண்டும் என்று கணக்குப் போடுவோம் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆருடம் ஏன் உதவாது? பொருளாதாரம் தொடர்ந்து இரண்டு காலாண்டு சுருங்கினால் மந்தம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அமெரிக்காவில் இதைப் பார்த்து அறிவிப்பதற்கென்றே பொருளாதார அறிஞர்களின் குழு ஒன்று இருக்கிறது. 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தத்தை அவர்கள் அறிவித்தது 2008 டிசம்பர் 1ஆம் தேதி. ஒரு வருடம் கழித்து! அதற்குள் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலாகி, உலகச் சந்தைகள் பலவும் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. அந்த மந்தம் 2009 ஜூனில் முடிந்தது. முடிந்துவிட்டது என்று அவர்கள் சொன்னது 2010 செப்டம்பரில். இதையே தொழிலாகப் படித்தவர்களுக்கு இவ்வளவு நாள் பிடித்தது.

நம் சந்தை இந்த அறிவிப்புகளுக்காகக் காத்திருக்கவில்லை. 2009 மார்ச்சில், மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டு எண்ணான சென்செக்ஸ் 8,000 பக்கம் கிடந்தது. மே 18ஆம் தேதி, தேர்தல் முடிவு வந்த பிறகு சந்தை திறந்த முதல் நாள், ஒரே மூச்சில் 17 சதவீதம் ஏறியதால் வர்த்தகத்தையே நிறுத்திவைத்தார்கள். "நிலைமை தெளியட்டும், அப்புறம் போடலாம்" என்று விற்றுவிட்டு ஒதுங்கி நின்றவர்களுக்கு அந்த நாள் கிடைக்காமலே போய்விட்டது.

சரி, மந்தம் வந்தால் நம் பக்கத்துக் குடும்பங்களை எப்படித் தொடும்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேப்பரில் வரும் ஆலோசனைகளில் இது இருப்பதில்லை. பெருமாள்புரத்திலும் கே.டி.சி. நகரிலும் கட்டியிருக்கிற வீடுகளில் பலவற்றுக்கு மாதத் தவணை சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறது. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடாப் பணத்தில் அடுப்பு எரிகிற வீடுகள் எத்தனையோ. அமெரிக்கக் கம்பெனி செலவைக் குறைத்தால் ஐ.டி. வேலை ஆட்டம் காணும். எண்ணெய் விலை படுத்தால் வளைகுடாவில் கட்டட வேலை நிற்கும். ஆகவே நமக்கு மந்தம் முதலில் சம்பளத்தில் கை வைக்கும். ஃபண்டின் மதிப்பு குறைந்தது அதற்கு அடுத்த கவலை.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பையன் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். சம்பளத்தோடு கம்பெனி பங்கும் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கியாயிற்று. பையன் சொன்னான் என்று அப்பா தன் ஓய்வுக்காலப் பணத்தைத் தொழில்நுட்பத் துறை ஃபண்டில் போட்டிருக்கிறார். வேலை, பங்கு, வீடு, ஃபண்டு என்று நான்கு இடத்தில் பிரித்து வைத்திருப்பதாக அந்தக் குடும்பம் நம்புகிறது. நான்கும் அமெரிக்காவில் சில கம்பெனிகள் எடுக்கிற ஒரே முடிவை நம்பி நிற்கின்றன. பையனுக்கு வேலை போகிற அதே மாதம் பங்கு பாதியாகும், ஃபண்டு இறங்கும், வீட்டை விற்கப்போனால் வாங்க ஆள் இருக்காது. தவணை மட்டும் 5ஆம் தேதி தவறாமல் வந்து நிற்கும். அப்போது, அடிமட்ட விலையில், வேறு வழியில்லாமல் ஃபண்டை விற்பார்கள். பங்குச் சந்தையில் சாதாரண மனிதர்கள் நிரந்தரமாகப் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் முதல் வேலை, கையிருப்பு. பாபநாசம் அணையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தெரியாமல் நம் தாமிரபரணிப் பாசனத்தில் யாரும் கார் பருவத்துக்கு நாற்றுப் பாவ மாட்டார்கள். மழை வரும் என்று யார் சொன்னாலும் சரி, இருப்பைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். குடும்பத்திலும் அப்படி, மாதச் செலவையும் தவணையையும் சேர்த்துக் குறைந்தது ஆறு மாதத்துக்கான பணம் தனியாக நிற்க வேண்டும். ஒருவர் சம்பாத்தியத்தில் ஓடுகிற வீடு, வெளிநாட்டுச் சம்பளத்தில் ஓடுகிற வீடு என்றால் ஒரு வருடத்துக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் வந்தது. கடையில் இருந்த சரக்கெல்லாம் போனவர்களுக்கு அடுத்த வாரமே பணம் தேவைப்பட்டது. மந்தத்துக்கு என்று சேர்த்த பணம் வெள்ளத்துக்கும் கைகொடுக்கும்.

அந்தக் கையிருப்பை எங்கே வைப்பது? வங்கி வைப்பு நிதி போதும். வட்டி குறைவு என்று வருத்தப்பட வேண்டாம், அந்தப் பணம் சம்பாதிப்பதற்காக வைத்தது இல்லை. ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 2020 பிப்ரவரி முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைக்கும் காப்பீடு உண்டு. ஒரே வங்கியின் பத்துக் கிளையில் போட்டாலும் சேர்த்துத்தான் 5 லட்சம். கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஆனால் நம் கிராமங்களில் இருக்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இது கிடையாது. முழுச் சேமிப்பையும் அங்கே வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நகைக்கடன் இருக்கிறதே, தனியாக எதற்குக் கையிருப்பு என்று கேட்பார்கள். அவசரத்துக்கு நகைக்கடன் நல்ல வழிதான், மறுக்கவில்லை. வேலை போன வீட்டில் வட்டி கட்ட வழி எங்கே? கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். கையிருப்பு தீர்ந்த பிறகு கையில் எடுக்க வேண்டியது நகை.

இரண்டாவது, கடன். இதைப் பேசாமல் திருநெல்வேலியில் முதலீட்டைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. 2003இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2017 அக்டோபரில், நம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பமே வட்டிக் கொடுமையால் தீயில் கருகிப் போனது. நான்கு உயிர். அந்த இடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. மூன்று வட்டி என்றால் மாதம் நூற்றுக்கு மூன்று, வருடத்துக்கு 36 சதவீதம். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் அதுவும் அநேகமாக அந்தக் கணக்குக்கே வந்து நிற்கும். எந்தப் பங்கும் எந்த ஃபண்டும் வருடா வருடம் 36 சதவீதம் தரப்போவதில்லை. இப்படிப்பட்ட கடன் இருக்கும்போது எஸ்.ஐ.பி. என்று மாதா மாதம் ஃபண்டில் ஒரு தொகை போட்டுக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து அதை நிறுத்திவிட்டு முதலில் கடனை அடையுங்கள். வீட்டுக் கடன் வேறு; அது வட்டி குறைந்த கடன், அவசரப்பட வேண்டியதில்லை.

கையிருப்பு ஆயிற்று, வட்டிக் கடன் தீர்ந்தது. அதற்கப்புறம் மிஞ்சுகிற பணத்துக்குத்தான் பங்குச் சந்தை. எத்தனை வருடத்துக்கு விட்டுவைக்க முடியும் என்று கேட்டால், ஐந்து வருடம் போதும் என்று ஏஜென்ட்கள் சொல்கிறார்கள். எனக்கு அது போதாது. 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000ஐத் தொட்டது. அந்த அக்டோபரிலேயே 8,000க்குக் கீழே போய் வந்தது. நூறு ரூபாய் நாற்பதுக்கும் கீழே போனால், பழைய இடத்துக்கு வர அது இரண்டரை மடங்குக்கு மேல் ஆக வேண்டும். 2010 நவம்பரில் ஒருமுறை 21,000ஐ எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கிற்று. அந்த உச்சத்தைச் சந்தை உறுதியாகத் தாண்டியபோது 2013 முடியப்போகிறது. உச்சத்தில் மொத்தமாகப் போட்டவருக்கு ஆறு வருடம் போயிற்று.

கொரோனா சமயத்தில் கதை வேறு. 2020 மார்ச் 23ஆம் தேதி ஒரே நாளில் 3,900 புள்ளிக்கு மேல் சரிந்து 26,000க்கு வந்த சென்செக்ஸ், நவம்பரில் புது உச்சத்துக்குப் போய்விட்டது. இவ்வளவுக்கும் அந்த ஏப்ரல் - ஜூன் காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் கிட்டத்தட்ட கால்வாசி சுருங்கியிருந்தது. ஒரு வீழ்ச்சி ஆறு வருடம் எடுத்தது, இன்னொன்று ஒரு வருடம்கூட எடுக்கவில்லை. அடுத்தது எந்த மாதிரி இருக்கும் என்று இந்த மேடையில் நின்று நான் சொன்னால் நம்பாதீர்கள். ஜப்பான் சந்தை 1989 முடிவில் தொட்ட உச்சத்தைத் திரும்பத் தொட 2024 ஆயிற்று. அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஏழெட்டு வருடத்துக்கு வேண்டாத பணம் மட்டும் பங்குக்குப் போகட்டும். அதையும் ஒரே நாளில் கொட்டாமல் மாதா மாதம் போடுங்கள். தனித்தனிக் கம்பெனியை ஆராய நேரமில்லாதவர்களுக்கு, நாட்டின் பெரிய ஐம்பது கம்பெனிகளை அப்படியே வாங்குகிற, செலவு குறைந்த நிஃப்டி குறியீட்டு ஃபண்டே தாராளம். வேலை உறுதியாக இருந்து, கையிருப்பும் இருந்தால், சந்தை இறங்குகிற மாதத்தில் எஸ்.ஐ.பி.யை நிறுத்தாதீர்கள். அந்த மாதத்தில்தான் அதே பணத்துக்கு அதிக யூனிட், அதாவது ஃபண்டில் அதிகப் பங்கு, கிடைக்கிறது.

இங்கே இளைஞர்கள் கொஞ்சம் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஆப்ஷன் வியாபாரத்தைப் பற்றி உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி அமைப்பே 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளின் கணக்கை எடுத்து வெளியிட்டது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அதில் நஷ்டப்பட்டவர்கள் 93 சதவீதம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நூறு பேரில் ஏழு பேராக இருக்கப்போவது நீங்கள்தான் என்று செல்போனில் யாராவது நம்பவைத்தால், உங்கள் அம்மா பீடி சுற்றிச் சேர்த்த பணத்தை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்றவர்களுக்கு வருகிறேன். உங்களுக்கு ஏறுகிற பணத்தைவிட நிற்காமல் வருகிற பணம் முக்கியம். தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். போட்ட நாளில் என்ன வட்டியோ அது ஐந்து வருடத்துக்கு மாறாது. மந்தம் வந்தால் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைப்பது வழக்கம். அப்போது வங்கி வைப்பு நிதியின் வட்டி இறங்கினாலும் உங்களுக்கு இது இறங்காது.

தங்கம் விழவே விழாது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. 2012இல் இருந்த விலையும் 2018இல் இருந்த விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் இறங்கிவிட்டு, ஆறு வருடம் கழித்துப் பழைய இடத்துக்கே வந்திருந்தது. நெருக்கடியில் உதவும் என்பதால் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு தங்கமாக இருக்கலாம். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் திரும்பி வராது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பயம் பரவுகிற காலத்தில் இன்னொரு கூட்டமும் கிளம்பும். "சந்தை வேண்டாம், எங்களிடம் போடுங்கள், மாதம் பத்து சதவீதம் உறுதி" என்பார்கள். 1990களில் தமிழ்நாட்டில் எத்தனை நிதி நிறுவனங்கள் இழுத்து மூடினார்கள்! முதலீட்டாளர்களைக் காப்பாற்ற 1997இல் தனிச் சட்டமே போட வேண்டிவந்தது. அதற்கப்புறமும் ஈமு கோழி வளர்ப்பு மோசடி வந்தது. ஏமாந்தவர்கள் பேராசைக்காரர்கள் என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதில் பலர், வட்டி குறைந்து மருந்துச் செலவுக்கு வழி தெரியாமல் நின்ற வயதானவர்கள். ரிசர்வ் வங்கி, செபி இரண்டில் எதன் பதிவில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு நாள் போதும். பங்கில் பாதி, வைப்பில் பாதி என்று வைத்திருந்தவருக்குச் சந்தை ஏறி, பங்கு மொத்தத்தில் நூற்றுக்கு அறுபது ஆகிவிட்டால், பத்தை எடுத்து வைப்புக்கு மாற்றுங்கள். இறங்கி நாற்பது ஆனால், வைப்பிலிருந்து பத்தைப் பங்குக்கு மாற்றுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கில் வருடத்துக்கு லாபம் 1.25 லட்சம் வரைக்கும் இப்போது வரி இல்லை, அதற்குள் மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. அந்த நாளில் வீட்டம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த வங்கி, எந்த ஃபண்டு, எந்தத் தபால் ஆபீஸ், யார் பெயரில் நாமினி என்று ஒரு நோட்டில் அவர்கள் கையாலேயே எழுதட்டும். நாமினி பெயர் இல்லாத கணக்கு ஏதாவது இருந்தால் மறுநாள் காலையில் வங்கி திறந்ததும் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.