அசைபோடுதல்

நேயர்களுக்கு வணக்கம்.

"பழைய நினைவுகளை அசைபோட்டுக்கொண்டிருந்தேன்" என்று சொல்லாதவர் நம்மில் யார்? சொல்லிச் சொல்லிப் பழகி, அந்தச் சொல்லுக்குள் ஒரு மாடு படுத்திருப்பதையே மறந்துவிட்டோம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனைச் சுவரோரம், மத்தியான நிழலில் ஒரு பசு படுத்திருக்கும். ஒரு கவளம் கீழிருந்து மேலே ஏறுவது கழுத்துத் தோலுக்கு வெளியே தெரியும். தாடை பக்கவாட்டில் அரைக்கும். விழுங்கும். கொஞ்சம் சும்மா இருக்கும். அப்புறம் அடுத்த கவளம். மேயும்போது மாடு சரியாக மெல்லுவதில்லை. அரைகுறையாக விழுங்கி, நான்கு அறை கொண்ட வயிற்றின் முதல் அறையில் சேர்த்துவைக்கிறது. அங்கே ஊறியதைத்தான் பிறகு மேலே கொண்டுவருகிறது. ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் இதற்கே போகும். உடம்புக்கு முடியாவிட்டால் நின்றுவிடும். அதனால்தான் மாட்டு டாக்டர், "அசை போடுதா?" என்று கேட்கிறார்.

வெறுமனே ஞாபகப்படுத்திக்கொள்வதற்கு இந்தச் சொல் பொருந்தாது. சாவியை எங்கே வைத்தோம் என்று யாரும் அசைபோடுவதில்லை. நடந்தபோது மெல்ல நேரமில்லாமல் விழுங்கியதை, ஓய்ந்து உட்கார்ந்தபின் மெல்லுவதுதான் அசைபோடுதல். இலங்கைத் தமிழர் இதை 'இரைமீட்டல்' என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லின்மேல் தனி ஆசை. உள்ளே போனதை மீட்பது அதில் பளிச்சென்று தெரிகிறது.

வியாசர்பாடியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டி இருந்தார். பர்மாவில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின், 1960களில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். 'பர்மா ஆயா' என்று கூப்பிடுவோம். வந்த நாள் முதல், அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைக்கு வெங்காயம் நறுக்குவதும் பிள்ளைகளை ஆளாக்குவதுமாகவே காலம் போனது. கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கைகால் ஓய்ந்து வாசற்படியில் உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பித்தார். முதல் தடவை, "துறைமுகத்துல நகையெல்லாம் வாங்கிக்கினாங்க" என்றார், அவ்வளவுதான். இன்னொரு சாயங்காலம், கழற்ற வராத வளையலுக்கு அவருடைய அம்மா சோப்பு தடவியதைச் சொன்னார். சில நாள் கழித்து அந்தச் சோப்பின் வாசனையைச் சொன்னார். அன்றைக்குத்தான் அழுதார்.