யார் காலில் நிற்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

தனிமனிதச் சுதந்திரம் என்றதும் நம் நாவில் முதலில் வருவது ‘சொந்தக் காலில் நிற்பது’ என்னும் தொடர். பிள்ளைகளை வாழ்த்தும்போதும் அதைச் சொல்கிறோம். பிறர் தயவில் வாழாதே என்று எச்சரிக்கும்போதும் அதையே சொல்கிறோம். அந்தத் தொடர்மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நிற்கவே முடியாதவருக்குச் சுதந்திரம் கிடையாதா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த எட் ராபர்ட்ஸை 14 வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கியது. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எல்லாம் செயலிழந்தன. இரவில் மூச்சுவிட ‘இரும்பு நுரையீரல்’ என்ற பெரிய உருளைக்குள் படுக்க வேண்டும். அந்த நிலையில்தான் 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்; மாணவர் விடுதியில் அல்ல, வளாக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். அவரும் தோழர்களும் எடுத்த முயற்சிகளிலிருந்து 1972-இல் அங்கே தற்சார்பு வாழ்வு மையம் பிறந்தது.

உண்ணவும் உடுத்தவும் இன்னொருவர் கையை நம்பியிருந்தவருடைய இயக்கத்துக்குத் ‘தற்சார்பு’ என்று பெயர்! இது எப்படிப் பொருந்தும்? அந்த இயக்கத்தினர் முன்வைத்த வாதம் எளிமையானது. ஒருவர் இரண்டு மணி நேரம் போராடித் தானே உடுத்திக்கொண்டு, களைத்துப்போய் வீட்டிலேயே கிடக்கிறார். இன்னொருவர் உதவியாளரின் துணையோடு கால்மணி நேரத்தில் உடுத்திக்கொண்டு வேலைக்குப் போகிறார். இவர்களில் யார் சுதந்திரமானவர்? உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதும், செய்ய வேண்டியதைச் சொல்வதும், பிடிக்காவிட்டால் ஆளை மாற்றுவதும் தங்கள் கையில் இருந்தால் போதும் என்றார்கள். எனக்கு அது முழுக்கச் சரியென்றே படுகிறது.

தத்துவத்திலும் இதற்கு வேர் உண்டு. தனக்குத் தானே சட்டம் வகுத்துக்கொள்ளும் நகரத்தைக் கிரேக்கர்கள் ‘ஆட்டோனோமியா’ உடையது என்றார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் அந்தக் கருத்தைத் தனிமனித அறத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். எனக்காகப் புரிந்துகொள்ளப் புத்தகம் இருக்கிறது, மனச்சாட்சிக்கு மதகுரு இருக்கிறார், பத்தியம் வகுக்க மருத்துவர் இருக்கிறார், பிறகு நான் ஏன் சிரமப்பட வேண்டும் என்று கேட்கும் மனத்தை அவர் 1784-இல் ஒரு கட்டுரையில் கண்டித்தார். மருத்துவரிடம் போவதில் குற்றமில்லை. நம் தீர்மானத்தையும் அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வருவதுதான் குற்றம். கைகால் திடமாக இருக்கும் எத்தனையோ பேர் அப்படித்தான் வாழ்கிறோம்.

உதவி செய்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பக்கவாதத்தில் என் தந்தையின் வலது கையும் பேச்சும் போயின. எந்நேரம் குளிப்பது, எதை உடுத்துவது, யாரைப் பார்ப்பது என எல்லாவற்றையும் நாங்களே முடிவு செய்தோம். அன்பினால்தான் செய்தோம். ஒரு காலை நான் நீட்டிய வெள்ளைச் சட்டையை இடது கையால் தள்ளிவிட்டார். மறுபடி நீட்டினேன், மறுபடி தள்ளினார். அலமாரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சட்டையாக எடுத்துக் காட்டினேன். நான்காவதாக எடுத்த நீலச் சட்டைக்குத் தலையசைத்தார்.

பித்தான்களை நான்தான் போட்டேன். கழுத்துப் பித்தானுக்கு வந்தபோது என் விரலைப் பிடித்து நிறுத்தினார். அதைத் திறந்தே விட்டேன்.