பூட்டிய வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதார ஆய்வு மையத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "அப்ப நீங்க டாக்டரா?" இல்லை. எங்கள் மையத்தில் ஊசி போடுவதில்லை, மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. டாக்டர்கள் சிலர் உண்டுதான். அவர்களோடு புள்ளியியல் படித்தவர்கள், சமூகவியல் படித்தவர்கள், வீடு வீடாகப் போகும் களப்பணியாளர்கள் என்று கலவையான கூட்டம். மருத்துவமனை தன்னைத் தேடி வந்தவரைப் பார்க்கிறது. நாங்கள் வராதவரையும் சேர்த்து எண்ண வேண்டும். சிரமமெல்லாம் அந்த வராதவரிடம்தான்.

ஒரு பகுதியில் எத்தனை பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது என்று தெரிய வேண்டும், வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் அளக்க முடியாது. அதனால் குலுக்கல் முறையில் சில நூறு வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறோம். களப்பணியாளர் காலை பதினொரு மணிக்குப் போகிறார். வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலிலேயே நிற்கிறார். "எனக்கு பிரஷர் பாருங்களேன்" என்கிறார். அவரை அளந்து படிவத்தை நிரப்பிவிட்டால் அன்றைய கணக்கு தீர்ந்தது. ஆனால் அது கூடாது. பகல் பதினொன்றுக்கு வீட்டில் இருப்பவர்களில் வயதானவர்களும் உடம்பு முடியாதவர்களும்தான் அதிகம். வேலைக்குப் போனவர்களை விட்டுவிட்டு இவர்களை மட்டுமே அளந்தால், ஊரே நோயில் கிடப்பதாகக் கணக்கு வரும். ஆகவே அதே பூட்டிய வீட்டுக்குச் சாயங்காலம் ஒரு தடவை, விடுமுறை நாளில் ஒரு தடவை என்று போக வேண்டும். பெரியவருக்கும் பார்த்துச் சொல்லலாம், தப்பில்லை. படிவத்தில் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான்.

அளப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. ஆளை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும். கால் மேல் கால் போடக் கூடாது. கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். மூன்று தடவை அளந்து, முதல் அளவை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்பு முறை. அப்புறம் மாலையில் அலுவலகத்தில் ஒருவர் கடைசி இலக்கங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போவார். மின்னணுக் கருவி என்றால் 0 முதல் 9 வரை எல்லாம் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். 120, 130, 140 என்று பூஜ்யமாகவே குவிந்திருந்தால், யாரோ உத்தேசமாக எழுதியிருக்கிறார் என்று பிடிபட்டுவிடும். கொஞ்சம் போலீஸ் புத்தி தேவைப்படும் இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்கலாம். பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோய் ஏன் பெருகுகிறது என்று ரிச்சர்ட் டால் என்ற டாக்டரும் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியல் அறிஞரும் ஆராயத் தொடங்கியபோது, டால் சந்தேகப்பட்டது சாலையில் போடும் தாரை. லண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளை விசாரித்து, அதே வயதுள்ள வேறு நோயாளிகளோடு ஒப்பிட்டதில் அகப்பட்டதோ சிகரெட். டாலும் புகைப்பதை விட்டுவிட்டார். 1950இல் கட்டுரை வெளிவந்தது. ஆனால் படுக்கையில் கிடப்பவர் பழைய பழக்கத்தை நினைவிலிருந்து சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது? சரி, நோய் வருவதற்கு முன்பே கேட்டுவைத்துக்கொண்டு காத்திருப்போம் என்று 1951இல் பிரிட்டிஷ் டாக்டர்களுக்கே கடிதம் எழுதினார்கள். டாக்டர்கள் என்றால் பதிவேட்டில் பெயர் இருக்கும், எங்கே போனாலும் தேடிப் பிடித்துவிடலாம். பதில் எழுதியவர்களில் ஆண்கள் மட்டும் 34,439 பேர். அவர்களை ஐம்பது ஆண்டு தொடர்ந்தார்கள். தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள் என்று 2004இல் கணக்கு வந்தது. முப்பது வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய அந்தப் பத்தையும் மீட்டார்கள். அறுபதில் விட்டவர்களுக்கும் மூன்று ஆண்டு கிடைத்தது. பாதிப் பேர் நடுவில் தொலைந்திருந்தால் இந்தக் கணக்கு எடுபட்டிருக்காது.

அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகம் இணைந்து நடத்தும், ஃபிராமிங்காம் என்ற ஊர்க்காரர்களைத் தொடரும் இதய நோய் ஆய்வும் இப்படித்தான். 1948இல் 5,209 பேரோடு தொடங்கி, இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வரை வந்திருக்கிறது. வயதானால் ரத்த அழுத்தம் ஏறத்தானே செய்யும் என்று டாக்டர்களே விட்டுவிட்ட காலத்தில் தொடங்கியது அது.

எங்களைப் போன்ற மையத்திலிருந்து யாராவது உங்கள் கதவைத் தட்டினால் முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள். ஆய்வில் சேர்பவருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். யார் பணம் தருகிறார்கள் என்றும் கேளுங்கள். புகையிலை நிறுவனம் பணம் போடும் சுகாதார ஆய்வை நான் நம்ப மாட்டேன். வேண்டாம் என்று சொல்லவும், பாதியில் நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் அழுத்தத்தை அளந்தால், எவ்வளவு என்று அங்கேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகமாக இருந்தால் டாக்டரிடம் அனுப்பவும் வேண்டும். குறித்துக்கொண்டு பேசாமல் எழுந்து போகப் பார்த்தால் விடாதீர்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி.